சிப்பியில் கோத்த ஏணி

"…அப்ப வளத்தவளுக்கு இதுல ஒரு சிப்பிகூடக் கெடையாதாலே?" என்று அத்தை கேட்டபோது, அவர் பல்லிடுக்கில் தங்கூசி என்னும் நைலான் நூலின் நுனி இருந்தது.

பள்ளிக் கண்காட்சிக்கு நான் டி.என்.ஏ.வுக்கு ஏணி வடிவில் ஒரு மாதிரி செய்தாக வேண்டும். அத்தையோ ராமேஸ்வரம் வருகிறவர்கள் வாசலில் தொங்கவிட வாங்கிப்போகும் சிப்பித் திரைகளைக் கோத்து விற்பவர். அதைவிட நல்ல பட்டறை எனக்கு எங்கே கிடைக்கும்? ஏணிப் படிகளில் ஜோடி சேரும் நான்கு பொருள்களில் அடினைனுக்குச் சோழி, தைமினுக்குக் குட்டிச் சங்கு, குவானைனுக்கு வெள்ளைச் சிப்பி, சைட்டோசினுக்குச் சிவப்புச் சிப்பி என்று பெயர் சூட்டிக் கொடுத்தேன். அத்தை கைப்பழக்கத்தில் சோழிக்கு எதிரே சோழியையே கோத்துக்கொண்டு போனார். திரை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால்தானே விலைபோகும்.

"பிரிங்கத்தே. சோழிக்குச் சங்குதான் ஜோடி. வெள்ளைக்குச் சிவப்பு. மாத்தினாச் சேராது."

"எங்க கல்யாணத்தவிடக் கண்டிப்பால்ல இருக்கு" என்று பிரித்தார்.

ஆர்.என்.ஏ. என்று இன்னொன்று உண்டு, அதில் தைமின் இடத்தில் யுராசில் வந்து உட்காரும் என்றேன்.

"அவன் அங்கனயே இருக்கட்டும். எங்கிட்ட வேற சிப்பி இல்ல."

அத்தை மடியில் இருந்த சின்னவள் ஒரு சோழியை வாயில் போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் முதல் தாரம் விட்டுப்போன குழந்தை. அத்தை கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தார். அவருக்கு வேறு பிள்ளை இல்லை. தெருவில் யாராவது 'உன் சாடைதான்' என்று சொல்லிவிட்டால், அன்று வீட்டில் குழம்பு தனியாக மணக்கும். அப்படிப்பட்டவரிடம்தான், ஒரு பிள்ளையின் டி.என்.ஏ. பாதி பெற்ற அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து என்று விளக்கியிருந்தேன்.

"கெடையாதுத்தே" என்றேன் அவர் கேள்விக்கு, படித்தவன் மிடுக்கோடு.

சின்னவள் வாயிலிருந்து சோழியைப் பிடுங்கிவிட்டு, "நூலு?" என்றார்.

"நூலு சீனியும் பாஸ்பேட்டும்."

"சீனியா? அது எங்கருந்துலே வரும்?"

புத்தகத்தில் அது இல்லை. "உள்ளயே இருக்கும்" என்று சமாளித்தேன்.

பெற்றவர்கள் தருவது கோக்கிற வரிசையைத்தான். பிள்ளை வளர வளர, அந்த வரிசையில் கோக்கச் சோழியையும் சங்கையும் நூலையும் உடம்பு தின்ற சோற்றிலிருந்தும் மீனிலிருந்தும் புதிது புதிதாகச் செய்துகொள்கிறது என்று எங்கோ படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

அத்தை நூலின் நுனியை முடிந்து வைத்தார். கை கழுவிவிட்டு, சாளை மீனில் முள் பார்த்துப் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, சின்னவள் வாயில் ஊட்ட ஆரம்பித்தார்.