வெளியூர் போனவரின் ஓட்டு

தையல்காரிக்கு அரசியல் என்றாலே வேப்பங்காய். அவளை அதில் தள்ளியது கணவரின் சாவு. மழை நாளில் தெருவில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தவர், விளக்குக் கம்பத்திலிருந்து அறுந்து கிடந்த கம்பியில் மின்சாரம் தாக்கிப் போனார். அந்தக் கம்பிக்காகத் தெருவே கவுன்சிலரிடம் நடையாய் நடந்திருந்தது. அந்த மகராசன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவரே மறுபடி தேர்தலில் நின்றார். தோற்கடித்தே தீருவது என்று, எதிர்த்து நின்ற மருந்துக்கடைக்காரருக்கு ஏஜெண்டாக வாக்குச்சாவடியில் போய் உட்கார்ந்தாள். கள்ள ஓட்டைத் தடுப்பது அவள் வேலை. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைக்கிறாள், எவனும் ஏமாற்ற முடியாது.

மதியம் அதிகாரி அடுத்த பெயரை உரக்கப் படித்தார். அது அவள் கணவர் பெயர்.

"நான்தான் சார்" என்று அந்தப் பெயரில் ஒரு அடையாள அட்டையை நீட்டினான் முன்பின் தெரியாத ஒருவன்.

"இவன் இல்ல சார். அது என் வீட்டுக்காரர் பேரு."

அவன் அசரவில்லை. "வீட்ல சண்ட சார். கொஞ்ச நாளா என்னை யாருன்னே தெரியாதுங்கறா."

உள்ளே இருந்த அலுவலர்கள் சிரித்தார்கள். அடுத்து நின்ற பால்காரருக்கு எல்லாம் தெரியும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அவர் செத்துட்டாரு சார்." வாய்விட்டு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"செத்தவர் பேரு பட்டியல்ல எப்படிம்மா இருக்கும்? சரிபார்க்க வீட்டுக்கு ஆள் வந்திருப்பாங்களே."

வந்தார்கள். வெளியூர் போயிருக்கார் என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள். அந்தப் பெயரை ஒருவன் அடிப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஆள்தான் இல்லை, பெயராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். செத்தவனையும் விட்டுவைக்காத கூட்டம் கவுன்சிலருடையது என்று பாவம், அவளுக்குத் தோன்றவில்லை.

இறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. எடுத்து வரும்வரை வரிசையை நிறுத்த முடியாது என்றார் அதிகாரி. வந்தவன் விரலில் மை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போனான். யாருக்குக் குத்தினான் என்று சொல்லவா வேண்டும்?

ஓட்டுப் போட்டவர் பெயரை ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் அடித்துவிட வேண்டும். பக்கத்திலிருந்த கவுன்சிலரின் ஏஜெண்ட் அடித்துவிட்டு, "நீங்களும் அடிங்கக்கா" என்றான். யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த பெயரை அவள் தன் கையாலேயே அடித்தாள்.