ஓரகத்தியின் ஊசி

பெரியவள் வீட்டு முன்னறையிலேயே மெஷினைப் போட்டுத் தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தாள். அவள் கொழுந்தன் மனைவி சின்னவள். வாழவந்த நாளிலிருந்தே அவளும் பெரியவள் பருமன்தான். "ஒருத்திக்கு அளவெடுத்தா ரெண்டு பேருக்கும் ஆச்சு" என்று வீட்டில் கேலி செய்வார்கள். பெரியவளுக்கு அது உறைத்ததேயில்லை. கேலியைப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் இருந்தது.

சின்னவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் வாராவாரம் போட்டுக்கொள்ள ஓர் ஊசி எழுதிக்கொடுத்தார். சர்க்கரை இறங்கியது, கூடவே உடம்பும் இறங்கியது. சுடிதாரைப் பிடித்துத் தைக்கச் சொல்லி அவள் வந்து நிற்கும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும்.

"இளைச்சிட்டேன்ல, அக்கா?"

"மூஞ்சிதான் வாடிப்போச்சு" என்பாள், வாயில் குண்டூசியோடு. வேண்டுமென்றே தொளதொளவென்று தைத்தும் பார்த்தாள். பாழாய்ப்போனவள் அதிலும் எடுப்பாகத்தான் இருந்தாள்.

"எனக்கும் அந்த ஊசி ஒண்ணு போட்டு விடேன்டி."

"டாக்டரைக் கேக்காம வேணாம்க்கா. ஒத்துக்குமோ என்னமோ."

தான் மட்டும் ஒல்லியாயிருக்கப் பார்க்கிறாள், கள்ளி என்று பெரியவள் கருவினாள்.

ஒருநாள் சின்னவள் வேலைக்குப் போனதும் ஃப்ரிட்ஜிலிருந்த, பேனா வடிவ ஊசியை எடுத்தாள். புது முனை மாட்டி, அவள் வைக்கும் அளவையே திருகி வைத்து, வயிற்றில் குத்திக்கொண்டாள். சின்னவள் மாதக்கணக்கில் படிப்படியாக ஏறிவந்த அளவு அது என்பது இவளுக்குத் தெரியாது.

மறுநாள் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். பக்கத்திலிருந்து பேசின் பிடித்தவள் சின்னவள்தான்.

"ஆரம்பத்துல நானும் இப்படித்தான் கிடந்தேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு வாந்தி எடுப்பேன்."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா சந்தோஷப்படுவீங்க."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அந்த நிலையிலும் குனிந்திருந்தவளின் கழுத்தெலும்பு எவ்வளவு வடிவாகத் தெரிகிறது என்பதிலேதான் அவள் கண் போனது.

உடம்பு தேறியதும் டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனையெல்லாம் செய்து, இருப்பதிலேயே சிறிய அளவில் அவளுக்கும் அதே ஊசியைத் தொடங்கிவைத்தார். கூடவே சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடை.

"அவளாட்டம் ஆயிடுவேனா?"

"உடம்புக்கு உடம்பு வேறம்மா."

ஆகவில்லைதான். கொஞ்சம் குறைந்தது; மூச்சு வாங்காமல் படியேற முடிந்தது. இப்போது மாலையில் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். சின்னவள் எப்போதும் நாலடி முன்னால்.

"மெதுவாப் போடி," என்று பின்னாலிருந்து கத்துகிறாள் பெரியவள், "அங்க ஓடிப்போய் யாருக்குக் காட்டப்போறே?"