ருதேசிந்தோ வீட்டை இழுத்துப் போன கதை

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் சீலோவே தீவில் உருளைக்கிழங்கு பயிரிடும் ருதேசிந்தோ லெவிகோய், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லவே ஆறு வருஷம் எடுத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரின் அடுப்படி உத்தரத்தில், குளிர் தொடங்கும் ஏப்ரலில், ஒரு காட்டுக் குட்டிக்குரங்கு ஓடியது. பெயர்தான் குரங்கு, உருவம் சுண்டெலி அளவு, வால் மட்டும் அடியில் தடித்திருந்தது. ஓடிய வேகத்தில் காணாமலும் போனது.

அது நுழைந்த வீடு விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வீட்டைக் கொளுத்திடு மச்சான். எங்க பெரியப்பா கொளுத்துனாரு," என்றான் பக்கத்து நிலத்துக்காரன் பார்ரியா.

"கொளுத்திட்டு உங்க பெரியப்பா வீட்டுலயா போய்ப் படுக்கிறது?" என்றாள் மனைவி ஓத்திலியா.

ருதேசிந்தோ குழம்பிப்போய்ப் பள்ளிக்கூட டீச்சரிடம் போனார்.

"அது குரங்கும் இல்லைங்க, எலியும் இல்லைங்க. கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். குட்டியை வயித்துப் பையில வளர்க்கும். பூச்சி, பழம் தின்னும். வால்ல கொழுப்பைச் சேர்த்து வச்சுக்கிட்டு குளிர்காலம் பூராத் தூங்கும். தொட்டா கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கும்."

"அப்போ சகுனம் எலிக்கா, குரங்குக்கா, கங்காருவுக்கா?"

"சகுனம் என் பாடத்துல இல்லைங்க."

நாலு மாசம் யோசித்தார். ஆகஸ்டில் ஒரு முடிவு பிறந்தது: கொளுத்தவும் வேண்டாம், அங்கே இருக்கவும் வேண்டாம். தீவு வழக்கப்படி மரவீட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடலாம். சகுனம் பழைய மனையிலேயே கிடக்கட்டும்.

"கோடையில செய்ய வேண்டிய வேலைய்யா இது! இந்தக் குளிர்கால மழையில சேத்துல மாடு முங்குது!" என்று திட்டிக்கொண்டே நாற்பது பேர் வந்தார்கள். அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து, எட்டு ஜோடி மாடுகள் பூட்டி, கடலோர மேட்டுக்கு வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நனைந்தவர்களுக்காக ஓத்திலியா அடுப்பை மூட்டிப் பன்றிக்கறியைச் சுடவைத்தாள்.

சூடு பரவியதும், பலகைச் சந்தில் பாசியால் கட்டிய உருண்டைக் கூடு ஒன்று அசைந்தது. அதிலிருந்து அந்தப் பிராணி மெலிந்த வாலோடு எட்டிப்பார்த்தது. பார்ரியாவின் கை சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டிக்குப் போனது.

"உள்ள வை தம்பி அதை," என்றாள் ஓத்திலியா. "அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்துச்சு. நாற்பது பேர் சேர்ந்து இழுத்துட்டு வந்திருக்கோம். யாரு யாருக்குக் கெட்ட சகுனம்?"

எல்லோரும் ருதேசிந்தோவைப் பார்த்தார்கள். அவர் பிராணியைப் பார்த்தார். அதுவும் அவரைப் போலவே விழித்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

"வீடு தப்பிச்சுது!" என்று பார்ரியா தீப்பெட்டியை விட்டுவிட்டுக் கறித்தட்டை எடுத்தான். "இவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துடும்."