ஒரு தாய் தனியாகத் தைத்தது

பிள்ளை பால் குடிப்பது பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, எங்கட தொழில் அவ்வளவுதான். கைப்பிள்ளைக்காரிகள் பஸ்ஸிலும் கோயிலிலும் கிளினிக்கிலும் போடுகிற சட்டை தைக்கிறோம். இப்போதும் மடியில் ஒரு குவியல் சட்டை கிடக்கிறது. கழுத்துக்குப் பின்பக்கம் தைத்திருக்கிற லேபலை பிளேட் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நெருக்கமான தையல், துணி கிழியாமல் எடுக்க வேண்டும். ஒரு சட்டையைப் பிரிப்பேன், இரண்டு வரி எழுதுவேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. வீட்டில் எதையாவது செய்து வெளியில் விற்கிற, நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு பயிற்சிக்கு அழைப்பு வரக்கூடும்.

மிதிக்கிற சாமான்

அந்தப் பயிற்சிக்கு அக்செலரேட்டர் என்று பெயர். தொடங்கி அதிக காலம் ஆகாத சின்னச் சின்ன வியாபாரங்களைத் தேடிப் பிடிப்பார்கள். சில மாதம் வகுப்பு வைப்பார்கள். வழி காட்ட ஒரு ஆளைத் தருவார்கள். கடைக்காரர்களோடு பழக்கி விடுவார்கள். கடைசியில் நடுவர்களுக்கு முன்னால் மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வார்கள். பேச்சு பிடித்தால் தொழிலை வளர்க்க உதவித்தொகை. நான் போனது பெண்களுக்கு மட்டுமான பயிற்சி, பொரளையில் ஒரு மாடி மண்டபத்தில். நானாகப் போயிருக்க மாட்டேன். கிளினிக் நர்ஸ் ஒருவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ரவி, கார்மென்ட்ஸில் துணி வெட்டுகிற பிரிவில் இருந்தவர். நாட்டில் பெற்றோலும் இல்லை, மாவும் இல்லை என்று எல்லாம் விழுந்த நேரத்தில் அந்த இடத்தையும் மூடிவிட்டார்கள். அப்போது மகள் கைப்பிள்ளை. காலி வீதி பஸ்ஸில் அவளுக்குப் பால் கொடுக்க நான் படுகிற பாட்டைப் பார்த்து, முதல் சட்டையை வெட்டித் தந்தவர் இவர்தான். அன்றிலிருந்து இவர் வெட்டுவார், நான் தைப்பேன். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற அறையில் மேசைக்கு இடமில்லை. கழற்றிய கதவொன்றை இரண்டு பெட்டிக்கு மேல் போட்டிருக்கிறோம். ரேயோன் துணி தண்ணீர் மாதிரி வழுக்கும், ஒருவர் ஒரு முனையைப் பிடித்தால்தான் மற்றவர் நேராக விரிக்கலாம். அழைப்பு வந்ததை நான் சொன்னது அப்படி முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். இவர் கத்தரிக்கோலை நிறுத்தாமலே சிரித்தார்.

“அக்செலரேட்டரோ? அது காலால மிதிக்கிற சாமானெல்லோ. போ, மிதிச்சாலாவது நீ ஒரு சத்தம் போடுவாய்.”

சொல்லாமல் காட்டியது

முதல் நாள் ஒவ்வொருவராக எழும்பி, பெயரையும் தொழிலையும் சொல்ல வேண்டும். மகளை விட்டுவிட்டுப் போக வழியில்லை, இடுப்பில்தான் கொண்டு போனேன். என் முறை வந்தது. எழும்பினேன், நின்றேன். பெயர் வரைக்கும் வந்தது, தொழிலைச் சொல்ல வரவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த நிஷாந்தி மிஸ், “பரவாயில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றார். ஆறுதலாகவும் வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற ரிஃபாயா. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கிற இனிப்பு, வட்டிலப்பம், அதைச் செய்து விற்கிறவர். அக்காவை முஸ்லிம் ஆக்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நான் நின்ற நேரம் முழுக்க மகள் என் நெஞ்சில் பால் குடித்துக்கொண்டிருந்ததை மண்டபத்தில் கண்டவர் அவர் ஒருவர்தான். எழும்பி நின்று, எனக்கும் சேர்த்து அவரே சத்தம் போட்டார்.

“மிஸ், புள்ள பால் குடிக்கிது, தாய் நிண்டுக்கிட்டு இருக்கா, ஒருத்தருக்கும் ஒண்ணும் விளங்கல்ல. அதுதான் அவட சாமான், நல்லாப் பாருங்க!”

பட்டன்

பயிற்சியில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. வாங்கினவர்களிடம் போய்க் கேட்க வேண்டும், அவர்கள் குறை சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது, கேட்டுக்கொண்டு வர வேண்டும். பேச்சு வராதவர்களுக்கென்றே செய்த பாடம் மாதிரி இருந்தது. தடுப்பூசிக் கிளினிக்கில், என்னிடம் சட்டை வாங்கின ஒரு சிங்கள அக்காவைக் கண்டேன். அவருக்குத் தமிழ் அரைவாசி, எனக்குச் சிங்களம் அரைவாசி. சட்டை ஹொந்தய், நல்லது என்றார். பிறகு தயங்கித் தயங்கி, பால் கொடுத்து முடிந்து முன்பக்கத் திறப்பை மூடப் பட்டனை அமுக்குகிறபோது ‘டிக்’ என்று சத்தம் கேட்டு, நித்திரையான பிள்ளை எழும்பிவிடுகிறது என்றார்.

நாங்கள் அதை நினைத்ததே இல்லை. என் மகள் இடி இடித்தாலும் எழும்ப மாட்டாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பழைய பேப்பரை விரித்தார். பட்டனே வேண்டாம், இரண்டு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று தானாக விழ வேண்டும், அதுதான் யோசனை. வெட்டினார், எனக்குப் போட்டுப் பார்த்தார், சரியில்லை என்று திரும்ப வெட்டினார். வீட்டில் பேப்பர் தீர்ந்து, பக்கத்து அறைக்காரரிடமும் வாங்கினோம். கடைசியில் மடிப்பு விழுந்தது. அதை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கிளினிக்கில் பயந்து பயந்து கேட்டேன். தங்கச்சிக்கு நங்கி, குழந்தைக்கு பபா என்று இரண்டு பாஷையையும் கலந்து சொன்னார்.

“நங்கி, பபாவும் எழும்ப இல்ல, பக்கத்தில தூங்கின என்ட மாமியும் எழும்ப இல்ல. ஹரி ஹொந்தய்!”

ஒரு முகம்

கடைசி நாள் பேச்சை நிஷாந்தி மிஸ்ஸே பக்கத்தில் இருந்து எனக்குப் பழக்கினார். என்னைப் போன்றவர்களோடு பொறுமையாக இருப்பது லேசில்லை, அவர் இருந்தார். பேச்சில் இவரைப் பற்றி ஒரு வரி வைத்திருந்தேன். மிஸ் அதை எடுத்துவிடச் சொன்னார். சில இடங்களில் புருஷன்மார் தங்கட கடையை மனைவியின் பெயரில் காட்டி உதவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்களாம். அதனால் நடுவர்கள் ஆம்பிளையின் பெயரைக் கேட்டாலே சந்தேகப்படுவார்களாம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “மிஸ், இவர்தான் வெட்டுறவர்” என்று மெல்லமாகச் சொன்னேன். நான் சொன்ன சத்தத்துக்கு அது எனக்கே கேட்டிருக்காது, ஆனாலும் மிஸ்ஸுக்குக் கேட்டது.

“எனக்குத் தெரியும், வதனி. ஆனா கம்பனிக்கு ஒரு முகம் வேணும். ரெண்டு முகம் காட்டினால் ஒண்டையும் நம்பமாட்டினம்.”

பார்சல்

லேபல் எங்களுக்குப் பயிற்சிக்காரர் இனாமாகச் செய்து தந்தது. அதில் என்ன எழுதப்போகிறார்கள் என்று முன்கூட்டி யாரும் காட்டவில்லை. நான் வகுப்பில் இருந்த ஒரு நாள் பார்சல் வீட்டுக்கு வந்திருக்கிறது. பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் திறந்தேன். இவர் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் மீதி லேபல்களைத் தரையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். வெள்ளை ரிப்பனில் பொன் நிற எழுத்து, நல்ல வடிவு. குனிந்து ஒன்றை எடுத்து வாசித்தேன். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் ஒரே வசனம்: ‘ஒரு தாய் தனியாகத் தைத்தது.’

அடுக்கியிருந்த எல்லாச் சட்டையிலும் அதைத் தைத்து முடித்திருந்தார். தானே வெட்டிய சட்டையில், தானே மெஷினில் இருந்து. என்னைக் கண்டதும் மேலே கிடந்த ஒன்றை விரித்துக் காட்டினார்.

“நேராய் இருக்கோ எண்டு பார். கோணலெண்டால் உன்ர பேர்தான் கெட்டுப்போகும்.”

ஜோர்தான்

அந்தக் கிழமையே அலுமாரிக்கு மேல் இருந்த பாஸ்போர்ட் கீழே இறங்கியது. இவரோடு முன்பு வேலை செய்த ஒருவர் ஜோர்தானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். வெட்டத் தெரிந்த ஆக்கள் தேவை என்று ஏற்கெனவே ஒருமுறை கேட்டவர். அப்போது மகள் தவழத் தொடங்கியிருந்தாள், இவர் மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அந்த ஆள் திரும்பக் கேட்டிருக்கிறார். இவர் போனால் ஒப்பந்தம் முடியும் வரை வர ஏலாது. மகள் பேசப் பழகுவதை போனில்தான் கேட்க வேண்டும்.

“மேடைப் பேச்சு முடியட்டும், பிறகு அவருக்கு மறுமொழி சொல்லுவம்” என்றார் இவர். கோபத்தில் சொல்லவில்லை. கோபமென்றால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். மகளின் காலுக்குச் சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் சொன்னார். அப்போ சட்டை என்ன மாதிரி என்று கேட்டேன்.

“நீ தனியச் செய்வாய் எண்டு மூண்டு பாஷையில அச்சடிச்சுத் தந்திருக்கினம். பிறகென்ன?”

மேடை

கடைசி நாளும் இவர்தான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டபத்தின் பின்பக்கம், தண்ணீர்ப் போத்தல்கள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றார். ராத்தா எனக்கு முன்னால் பேசி, நடுவர்களுக்கு வட்டிலப்பமும் கரண்டியால் தீத்திவிட்டு இறங்கினார். நான் ஏறினேன். எனக்குப் பின்னால் திரையில் என் முகம், ஒரு சுவரளவு பெரிசாக. மனப்பாடம் செய்தது வந்துகொண்டுதான் இருந்தது. ‘இதை நான் தனியாக’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. மறந்துபோய் நிற்கவில்லை. அந்த வரி வாய்க்குள் நன்றாகவே இருந்தது. முன்வரிசையில் நிஷாந்தி மிஸ் சொல் எடுத்துத் தர வாயை அசைக்கிறார். பின்னாலிருந்து என் மகள் மட்டும் “ம்மா” என்றாள்.

“இதை வெட்டினவர் பின்னால பிள்ளையோட நிக்கிறார்” என்றேன். “அவர் இல்லாட்டி இந்தச் சட்டை இல்லை.” எல்லாத் தலையும் ஒருமிக்கத் திரும்பியது. இவர் மகளை முகத்துக்கு நேரே தூக்கி மறைந்துகொள்ளப் பார்த்தார். நடுவர்களில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார், “அவர் நாளைக்கு வேற வேலைக்குப் போனால், பிள்ளை, என்ன செய்வீங்கள்?” “அதுதான், சேர், எனக்கும் பயம்” என்றேன். மண்டபம் சிரித்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பெரியவரும் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டே சொன்னார்.

“அப்ப இந்த வியாபாரத்தில ஆகப் பெரிய ஆபத்து உங்கட வீட்டுக்காரர்தான்.”

பஸ்

உதவித்தொகை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ராத்தாவுக்குக் கிடைத்தது, அந்தச் சந்தோஷம் எனக்கும் உண்டு. நிஷாந்தி மிஸ் ஏசுவார் என்று பயந்தேன், அவர் ஏசவில்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரு பிள்ளைச் சாமான் கடையில் எங்கட சட்டைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், அது மாறாது என்றும் சொன்னார். போகும்போது திரும்பி நின்று, “லேபலைக் கழட்டிப்போட்டுக் குடுங்கோ” என்றார்.

பொரளையில் பஸ் ஏறினோம். நல்ல நெரிசல். ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார். மகள் பால் குடித்துக்கொண்டே நித்திரையாகிவிட்டாள். இவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஜோர்தானைப் பற்றிக் கேட்டால் மறுமொழி வந்துவிடுமே என்று எனக்குப் பயம். இறங்குகிற இடம் நெருங்கின பிறகுதான் குனிந்தார். சட்டை மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார்.

“அந்தப் பெரியவர் கேட்ட நேரம் ‘அவர் போகமாட்டார்’ எண்டு சொல்லியிருந்தால் காசு கிடைச்சிருக்கும், விசரி.”

மிச்சம்

பாஸ்போர்ட் திரும்ப அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. லேபல் பிரிக்கிற வேலை இன்னும் பாதி கிடக்கிறது. இவர் எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறார் என்பது ஒவ்வொன்றையும் பிரிக்கிறபோது விளங்குகிறது. பிரித்த ரிப்பன்களை மகள் தன்னுடைய பொம்மைக்குக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை மாதப் பயிற்சியில் என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் ஒரே வசனத்தில் சொல்லலாம்: எங்களை வேகமாக்கவென்று வந்தவர்கள் வேகமாக்கித்தான் விட்டார்கள், ஆனால் வேகம் கூடக் கூட வீட்டுக்குள்ளே யார் யார் இருக்கிறோம் என்று ஒருக்கால் திரும்பிப் பார்க்காவிட்டால், கடைசியில்... இந்தா, “வதனி, துணி வழுக்குது, மற்ற முனையைப் பிடிக்க வாவன்” என்று கதவுப் பலகையடியிலிருந்து இவர் கூப்பிடுகிறார், கையில் கத்தரிக்கோல், இனி நான் போகாவிட்டால் வெட்டு கோணலாகிவிடும்.