நூற்றுவர் தலைவனின் நீலக் கோட்டு

இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஆங்கிலேயப் பெண்களின் சீருடைகளைச் சேர்க்கிறேன் என்றால் திருகோணமலையில் யாரும் நம்புவதில்லை. பென்ஷன் எடுக்கிற ரீச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று என் தங்கச்சியே கேட்கிறாள். சேலை சேர்த்தால் கேட்கமாட்டாள். தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்குப் புது விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்த பெண்கள் அவர்கள். அவர்களுடைய தொப்பி ஒன்றும் தோல் கையுறைகளும் தபாலில் வந்து என் அலுமாரியில் இருக்கின்றன. கோட்டு மட்டும் அகப்படவேயில்லை.

கடைசியில் அது எங்கள் ஊரிலேயே இருந்தது. கடற்கரைக் கோயிலொன்றில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுகிற பாஸ்கு நாடகத்தின் படத்தை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். சிலுவையடியில் நிற்கிற ரோமப் படையின் நூற்றுவர் தலைவன் நீலக் கோட்டுப் போட்டிருந்தான். ரோமாபுரிக்காரனுக்கு எதற்குக் கோட்டு என்று சிரித்தபடி படத்தைப் பெரிதாக்கினேன். ஒட்டியிருந்த சரிகைக்குக் கீழே தங்க நூலில் தைத்த விமானியின் இறக்கைகள் தெரிந்தன. அடுத்த நாளே விசாரித்துக்கொண்டு புறப்பட்டேன்.

கோட்டு இருந்த வீடு நிலாவெளிப் பக்கம். வீட்டுக்காரி தையல் வேலை செய்பவள். அவளுடைய மாமியார் முன்பு கடற்படை டொக்யாட் பங்களா ஒன்றில் சமைத்தவராம். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பியபோது கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துரையின் கோட்டு என்றுதான் குடும்பம் நினைத்திருந்தது. கடலில் தப்பி வந்த குடும்பத்தவர் ஒருவருக்காக வைத்த நேர்த்திக்கடனின்படி, ஒவ்வொரு தவக்காலமும் அந்த வீட்டில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு தலைவனாக நிற்பார். கடைசியாக நின்றது அவளுடைய கணவர்.

"அவர் போன மாரிமழைக் காலத்திலை செத்துப்போனார் ரீச்சர். எனக்கு இரண்டும் பொம்பிளைப் பிள்ளையள். இனி அந்த வேஷத்தை வேற வீட்டுக்குக் குடுக்கப்போறம் எண்டு கோயில் கொமிட்டி சொல்லிப்போட்டுது. கோட்டையும் கேக்கினம்."

விலை பேசத்தான் வந்திருந்தேன். ஒருக்கால் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். உட்பக்கத்தைப் புரட்டினால் அக்குளில் வேறு நீலத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. நெஞ்சுப் பக்கத்தில் பிரித்த தையலின் ஊசித்தடம் இருந்தது.

"தைச்சவன் குடிச்சுப்போட்டுத் தைச்சிருக்கிறான். நெஞ்சிலை தேவையில்லாமல் மடிச்சுப் பிடிப்பு வைச்சிருக்கிறான். நான்தான் அதைப் பிரிச்சு, அக்குளிலை ஒட்டும் போட்டனான். எண்டாலும் அவருக்குத் தோள் இறுக்கம்தான்."

முகம் தெரியாத அந்தத் தையல்காரனுக்காக எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் குடிக்கேல்லைப் பிள்ளை. சரியான அளவிலைதான் தைச்சிருக்கிறான். இது துரையின்ர இல்லை, துரைசாணியின்ர கோட்டு. அவ சண்டைக் காலத்திலை விமானம் ஓட்டினவ" என்று இறக்கைகளைக் காட்டினேன்.

அவள் இறக்கைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எழும்பி, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள். தோள் அளவெடுத்துத் தைத்தமாதிரிப் பொருந்தியது. மூத்த மகள் சிரிக்கத் தொடங்கி, தாயின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கொமிட்டிக்குப் போனாள்.

"பொம்பிளை படைத்தலைவனோ? சனம் சிரிக்கும்" என்றார் கொமிட்டித் தலைவர்.

என் நாக்குத் துடித்தது. அவள் முந்திவிட்டாள். "பொம்பிளையின்ர கோட்டை இவ்வளவு காலமும் ஆம்பிளையள் போட்டவையள். ஆர் சிரிச்சது?"

பக்கத்தில் இருந்த கோயில் சுவாமியார்தான் சிரித்தார். "நேர்த்தி வீட்டுக்குத்தானே. ஆம்பிளைதான் நிக்கவேணும் எண்டு ஆரும் சொல்லேல்லையே" என்றார். அதோடு கதை முடிந்தது. அவள் ஒட்டுகளைப் பிரித்து, பழைய ஊசித்தடத்திலேயே பிடிப்புகளைத் திரும்பத் தைத்தாள்.

நாடகத்தன்று நான் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். சிலுவையடியில் அவள் ஈட்டியை உயர்த்திக் குரல் எடுத்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். வியர்வையோடு நின்றவளுக்கு மகள்மார் பொத்தான் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு இதைப் போட்டால் கையைத் தூக்க ஏலாது, ரீச்சர். நான் இறுக்கித் தைச்சுப்போட்டன் எண்டு வருஷா வருஷம் என்னைத்தான் ஏசுறவர். இது பொம்பிளையின்ர கோட்டு எண்டு அவருக்குச் சொல்ல ஏலாமல் போச்சே" என்று சொல்லி, அவள் அந்தக் கோட்டுக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள்.