வைண்டரும் அக்காவின் கடைசி ஷிப்டும்

அக்கா ரிட்டயராகி, திருவொற்றியூர் கம்பெனியில் கடைசி ஷிப்டு முடித்து வரும் நாள் அது. "கம்பெனி கேட்டத் தாண்டி நான் நடந்து வர்றத வரிசையா புடிக்கணும், சினிமா கணக்கா. செல்லுல வாணாம், உன் பழைய கேமராவுல" என்று ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேமராப் பெருமை அடித்துவிட்டவன் நான்தான். கேமராவின் அடியில் திருகி மாட்டும் மோட்டார் ஒன்று உண்டு, வைண்டர் என்று பெயர். பொத்தானை அமுக்கிப் பிடித்தால் போதும், படம் எடுத்து எடுத்து பிலிமைத் தானே சுற்றிக்கொண்டு போகும்.

அன்று காலை மாட்டி அமுக்கினேன். கம்மென்று கிடந்தது சனியன்.

புது பேட்டரி போட்டேன், அசையவில்லை. துருவேற்றும் கடல் உப்பைத் திட்டினேன். விற்றவனின் பரம்பரையையே திட்டினேன். செல்லில் வெள்ளைக்காரன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து சார்ஜ் செத்ததுதான் மிச்சம். கடைசியில் தண்டையார்பேட்டைக்கு ஓடினேன். அங்கே என் தோஸ்து ஒருவன் மிக்ஸி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறான். அவன் வைண்டரைக் கழற்றித் தனியாக அமுக்கினான். கிர்ரென்று பாடியது. கேமராவில் மாட்டினால் மௌன விரதம்.

"மோட்டாரு நல்லாத்தான் கீது மாமு. கேமராவக் காட்டு." கவிழ்த்துப் பார்த்தவன் சிரித்தான். "இன்னாடா இது, கேமராவுக்குப் பொட்டு வச்சிகீற?"

ஆயுத பூஜை! சுத்தியல், ஸ்கூட்டர், கேமரா என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். லென்ஸ் பக்கம் கறையாகுமே என்று அதிபுத்திசாலியாக அடியில் வைத்திருக்கிறேன், வைண்டருக்குக் கரண்ட் போகும் புள்ளிகள் மேலேயே. என் பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. ரப்பரால் தேய்த்ததும் பிய்த்துக்கொண்டு ஓடியது.

கையிலிருந்த ஒரே ரோலைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு எதிரில் நின்றேன். மாலையும் கழுத்துமாக அக்கா செக்யூரிட்டி ஜன்னலில், முதுகைக் காட்டிக்கொண்டு, அடையாள அட்டையை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். சும்மா ஒன்று எடுப்போமே என்று அமுக்கினேன். அடடா, அந்தச் சத்தம்! காலையிலிருந்து ஏங்கிய சத்தமாயிற்றே, விரலை எடுக்க மனசே வரவில்லை. மோட்டார் நின்றபோதுதான் பார்த்தேன். ரோலின் முப்பத்தாறு படமும் காலி.

அக்கா அப்போதுதான் திரும்பினாள். மாலையைச் சரிசெய்து, தலையை நிமிர்த்தி, கேமராவையே பார்த்துச் சிரித்தபடி நடந்து வந்தாள். அப்படி ஒரு நடையை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. பாவி நான், கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றேன்.

"எல்லாம் வுழுந்திச்சாடா?"

"ரோலு முடிஞ்சிபோச்சுக்கா. நீ திரும்பறதுக்கு முன்னயே."

கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன்.

"கஸ்மாலம்! போய் வேற ரோலு வாங்கினு வா. நான் இன்னொரு தபா உள்ள போய்ட்டு வர்றேன்" என்று அவள் பாட்டுக்குத் திரும்பிக் கேட்டுக்குள் கால் வைத்தாள்.

வாட்ச்மேன் குறுக்கே வந்தார். தினமும் அவளிடம் வெற்றிலை வாங்கிப் போடுகிறவர்தான்.

"கார்டு குடுத்துட்டியேம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இன்மே உள்ள வுட முடியாதும்மா."

அக்கா வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.