எடையக்காவின் ஏழு கிலோ

"குனியாதீங்க. நேரா சுவத்தைப் பாருங்க," என்கிறார் எடையக்கா. குனிந்தால் எண் ஆடும். ஆனாலும் எடை மிஷினில் ஏறியவர்கள் எல்லோரும் குனியத்தான் செய்கிறார்கள். எண்ணைப் பார்த்ததும் சாவிக்கொத்து, கைக்கடிகாரம், காலையில் குடித்த தண்ணீர் என்று எதன் மீதாவது பழியைப் போடுகிறார்கள். "சரி, சாவியை வச்சிட்டு ஏறுங்க," என்று அவரும் அலுக்காமல் மறுபடி ஏற்றுவார். எண் அசைந்து கொடுக்காது.

வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எடுப்பது அவருடைய வேலை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எவ்வளவு தூங்குகிறீர்கள், பொரித்தது வாரத்தில் எத்தனை தடவை, பெற்றோர் பருமனா என்றெல்லாம் படிவத்தில் கேள்விகள். உயரத்துக்கு மிஞ்சிய எடையானால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். அவர் பையில் பத்துப் படிவம் இருந்தால் நாலைந்தில் வட்டம் இருக்கும்.

அவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, பேருந்து நிறுத்தத்தில். நடுவில் வீட்டுக்கு வீடு டீயும் பிஸ்கட்டும். வேண்டாமென்றால் முகம் வாடும், முகம் வாடினால் மிஷினில் ஏற மாட்டார்கள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்து எழுந்து, முழுத் தூக்கம் என்பதையே மறந்துவிட்டார். மாடிப்படி கண்டால் முழங்கால் முதலில் முனகும்.

இரண்டு மாதத்துக்கு முன் புது மிஷின் கொடுத்தார்கள். தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சோதித்துவிட்டே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. பத்துக் கிலோ சோதனைக் கல் அலுவலகத்தில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாற உடம்பில் தெம்பில்லை. தன் எடை தனக்குத் தெரியாதா என்ன? ஒன்பது வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது எழுபத்தொன்று. ஏறி நின்றார். எழுபத்தெட்டு. "புது மிஷின்ல, கொழுப்பு ஜாஸ்தி," என்று சொல்லிக்கொண்டவர், அன்று முதல் எல்லோருக்கும் ஏழு கிலோ கழித்தே எழுதினார்.

மேலதிகாரிக்கு நேற்றுத்தான் உறைத்தது. "உங்க ஏரியாவுல மட்டும் எல்லாரும் இளைச்சிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, கல்லைத் தூக்கி மிஷினில் வைத்தார். சரியாகப் பத்து. எடையக்கா தான் எழுதிய படிவங்களை எண்ணினார். நூற்றெண்பது வீடுகளில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். அதைவிட ஒரு தையற்காரரின் நினைப்புதான் அவரைப் போட்டு அரித்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே தைப்பவர், தகப்பனை மாரடைப்பில் இழந்தவர். பயந்து பயந்து ஏறியவரிடம், "உங்களுக்கு வட்டமில்ல, நிம்மதியா இருங்க," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இன்று முதல் வேலையாக அவருடைய தையற்கடைக்குத்தான் எடையக்கா வந்திருக்கிறார். அன்று எழுதியது தப்பு, உண்மையில் ஏழு கிலோ கூட என்று தயங்காமல் சொல்லிவிட்டார். தையற்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"உங்களை நம்பித்தான் காலையில நடக்கிறதையே விட்டேன்," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "ஏழு கிலோ எப்படிக்கா தப்பாகும்?"

எடையக்கா மிஷினைத் தரையில் வைத்தார். எழுதாத படிவம் ஒன்றையும் பேனாவையும் தையற்காரர் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றார். குனியவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடி, "நீங்க படிச்சு எழுதுங்க," என்றார்.